பலகையில் ஒரு ஏரி - 14: வேணு பாடு முடிஞ்சது

“வேணு பாடு முடிஞ்சது.”

மூன்றே சொல். காலண்டர் தாளின் பின்பக்கத்தில், நீல மையில், கோதண்டத்தின் கோணல் எழுத்தில் எழுதியிருந்தது. அந்தத் தாள் ஒரு பலகையின் ஓரத்தில் கிடந்தது. பலகையில் பழவேற்காடு ஏரி, திட்டுகளோடும் முகத்துவாரத்தோடும் வரைந்திருந்தது. ஏரியில் விரல் நீளப் படகுகள். பாதிப் படகுகள் கவிழ்ந்து கிடந்தன.

இதைப் படம் பிடித்துத் தன் ஸ்டேட்டஸில் போட்டவன் கவியரசன். கோதண்டத்தின் மனைவி தேவகிக்குத் தம்பி. கல்யாணப் பத்திரிகையில் பெயர் விட்டுப்போனதா என்று பார்க்க வந்தவன், பார்த்துவிட்டுப் பேசாமல் போயிருக்கலாம். படத்துக்குக் கீழே ஒரு வரியும் சேர்த்தான்: “எங்க மாமா ரெடி. வர்றவன் வரட்டும்!”

அவன் சொன்னது கல்யாணத்தை. ஏரிக்கு வடக்கே வடவாய்க்குப்பத்தில் அதை யாரும் கல்யாணம் என்று படிக்கவில்லை.

போன வாரத்தை மறக்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிக்கொள்ளலாம். கிளிஞ்சல்திட்டுக் கோதண்டத்தின் மகள் செவ்வந்திக்கும், வடவாய்க்குப்பத்து வேணுவின் மகன் ஹரிஹரனுக்கும் தட்டு மாற்றியாகிவிட்டது. கல்யாணத்துக்கு இன்னும் இருபது நாள். நடுவில் எவனோ வடவாய்க்குப்பத்தாரின் வலையை அறுத்துப் போட்டான். எவன் என்று இரண்டு ஊருக்கும் தெரியாது. தெரியாததால் இரண்டு ஊருமே சத்தியம் செய்யத் தயாராக இருந்தன.

வெளியூர்க்காரர்களுக்கு இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். ஏரியில் இறால் ஓடும் இடங்கள் கொஞ்சம். குச்சி நட்டு வலை கட்டும் கைகள் அதிகம். அதனால் சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்வார்கள். இன்று உன் வீடு, நாளை என் வீடு. அந்த முறைக்குப் பெயர் பாடு. பாடு இருக்கிறவன் மனுஷன். பாடு போனவன் பஸ் ஏறித் திருப்பாலைவனம் பக்கம் கூலிக்குக் களை எடுக்கப் போக வேண்டியதுதான்.

கோதண்டம் தன் பலகை ஆட்டத்திலும் அந்தச் சொல்லையே வைத்திருந்தான். ஒருவன் படகுகளை நகர்த்தி முடித்தால் அவன் பாடு முடிந்தது, அடுத்தவன் ஆடலாம். அவ்வளவுதான் அந்தத் தாளின் அர்த்தம். ஆனால் வலை அறுபட்டு எட்டு நாள் ஆன ஊரில், கவிழ்ந்த படகுகளுக்குப் பக்கத்தில் ‘வேணு பாடு முடிஞ்சது’ என்று பார்த்தால் எவன் அகராதியைத் தேடப் போகிறான்?

காலை ஏழு மணிக்கு வடவாய்க்குப்பத்திலிருந்து போன் வந்தது. பேசியது பெரியவர் தருமன்.

“மத்தியானம் பன்னண்டு மணிக்குப் பழவேற்காடு மீன் ஏலக் கூடத்துக்கு வா. அந்தப் பலகையோட வா. எடுத்துகினு வர்லன்னா நாங்க வந்து எடுத்துக்குவோம்.”

தேவகி தம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

“இன்னாடா எழுதி வெச்சே அதுல? ரெடியாம் ரெடி! எதுக்குடா ரெடி? ஊரே சேந்து சாவவா?”

“அக்கா, பந்தி ரெடி, பந்தலு ரெடின்ற அர்த்தத்துலதான்...”

“அர்த்தத்த ஊட்டுல வெச்சிட்டு எழுத்த மட்டும் அனுப்பிகீறியேடா பேமானி!”

“அழிச்சிட்டேன்க்கா.”

“அவனுங்க அழிச்சிட்டானுங்களா?”

கவியரசன் தன் செருப்பைப் பார்த்தான். தேவகி அடுத்துக் கணவன் பக்கம் திரும்பினாள்.

“நீ இன்னாய்யா மனுஷன்? அம்பத்தோரு வயசு ஆவுது. ஒருத்தன் குடிக்கறான், ஒருத்தன் சீட்டாடறான். அவன் பொண்டாட்டி வெளிய சொல்லி அழுறதுக்காவது ஒரு இது கீது. என் புருஷன் பொம்மைப் படகு வெச்சி வெளையாடறான்னு நான் யார்கிட்ட போயி அழுவேன்?”

கோதண்டம் இருபத்தைந்து வருஷமாக இதற்கு ஒரு பதில் தேடிக்கொண்டிருந்தான். இன்னும் கிடைத்தபாடில்லை.

செவ்வந்திதான் கலங்காமல் இருந்தாள். பொன்னேரியில் மருந்துக் கடை வேலை. அன்றைக்கு லீவு சொல்லியிருந்தாள்.

“நைனா, இதுக்குப் போயி எதுக்கு பேஜாராவறே? வேணு மாமா கீறாரு இல்ல? இது இன்னான்னு ஒலகத்துல உனக்கப்புறம் தெரிஞ்ச ஒரே ஆளு அவருதான். ‘ஆட்டம்தான்’னு அவரு ஒரு வார்த்தை சொல்லிட்டா முடிஞ்சிச்சி.”

உண்மை. வேணு ஒரு வார்த்தை சொன்னால் கல்யாணம் நடக்கும். சொல்லாவிட்டால் நடக்காது. இதைவிடச் சுருக்கமாக எந்த வியாபாரமும் பேசி முடிந்ததில்லை.

பலகையைத் தேவகியின் பழைய புடவையில் சுற்றிப் படகில் ஏற்றினார்கள். நாலு அடிக்கு மூன்று அடி. பசியாவரம் பக்கம் தாண்டும்போது எதிரே வந்தவர்கள் பார்த்த பார்வையில், உள்ளே பிணம் இருப்பதாக நினைத்துவிட்டார்களோ என்று தேவகி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கோதண்டம் பலகையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான்.

பதினோரு வயதில் இந்த ஆட்டத்தை எவனிடமும் மறைக்கவில்லை. பழவேற்காட்டுப் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு, அவனும் வேணுவும். பழைய கோட்டை இருந்த மேட்டில் ஏரியைக் குச்சியால் கீறுவார்கள். கிளிஞ்சல் படகு, புளியங்கொட்டை ஆட்கள். யார் எவ்வளவு நகர்வது என்பதற்கும் ஒரு பக்கம் உரசின புளியங்கொட்டைதான். சுற்றி இருபது பையன்கள் நின்று கத்துவார்கள். ஜெயித்தவன் அன்றைக்கு ராஜா, தோற்றவனின் மதியச் சோற்றுக்குழம்பு ராஜாவுக்கு.

இருபத்திரண்டில் அவன் சென்னை மண்ணடியில் அச்சகத்தில் கட்டிங் மிஷின் ஓட்டினான். அச்சகத்துக்கு மேல் மாடியில் ஞாயிற்றுக்கிழமைகளில் நாலு பேர் கூடுவார்கள். ஒருவர் பேங்க் ஆபீசர், ஒருவர் பல் டாக்டர், இரண்டு பேர் காலேஜ் வாத்தியார்கள். மேஜை நிறைய ஈயச் சிப்பாய்கள். இஞ்ச் டேப் வைத்து அளந்து, தாயக்கட்டை உருட்டி, ஐரோப்பாவில் என்றைக்கோ நடந்த சண்டையை மறுபடி நடத்துவார்கள். கோதண்டம் மூன்று ஞாயிறு மாடிப்படியில் நின்று பார்த்தான். நாலாவது ஞாயிறு பல் டாக்டரின் மாமியார் தவறிப்போக, அவருடைய பட்டாளத்தை இவன் கையில் கொடுத்தார்கள். ஒரு மாமியாரின் சாவு ஒருவனுக்கு இத்தனை சந்தோஷம் கொடுத்து நான் கேள்விப்பட்டதில்லை.

மறுநாளே ஊருக்கு வந்து வேணுவைப் பிடித்தான். “டேய், இதுக்குப் பெரிய பெரிய புஸ்தகமே கீதுடா! மீசை வெச்சவனுங்கல்லாம் ஆடறானுங்கடா!”

அப்புறம்தான் பலகை வந்தது. கல்யாண முருங்கைக் கட்டையில் படகு செதுக்கினார்கள். விளிம்பில் பச்சை அடித்தால் கிளிஞ்சல்திட்டு, மஞ்சள் அடித்தால் வடவாய்க்குப்பம். டேப் கிடையாது, சாதகக் காற்றில் நாலு விரற்கடை, எதிர்க்காற்றில் இரண்டு. அதில்தான் முதல் சண்டை. வேணுவின் விரல் ஒவ்வொன்றும் வாழைப்பழம். அவன் நாலு விரல் கோதண்டத்துக்கு அஞ்சரை. மூன்று நாள் பேச்சு வார்த்தை இல்லை. கடைசியில் கோதண்டம் இறங்கி வந்தான். வேணுவின் நாலு விரலையே ஒரு மூங்கில் குச்சியில் வைத்து, வெட்டுப் போட்டு, இரண்டு பேருக்கும் அதுதான் அளவு என்று முடிவானது.

கல்யாணம், பிள்ளை குட்டி என்று ஆனபிறகு ஆட்டம் கதவுக்குப் பின்னால் போயிற்று. வேணு தன் வீட்டில் “நூல் வாங்கப் போறேன்” என்று சொல்லிவிட்டு வருவான். அந்த வருஷங்களில் அவன் வாங்கியதாகச் சொன்ன நூலை வைத்துச் சுண்ணாம்புக்குளம் வரை வலை கட்டலாம். ஆறு வயசுச் செவ்வந்திக்கு ஒரு வேலை கொடுத்திருந்தார்கள். அவள்தான் காற்று. கட்டையை உருட்டி, மேல்காற்று விழுந்தால் “கச்சான்!”, வடகாற்று விழுந்தால் “வாடை!” என்று கூவுவாள். ஏரி அவள் பேச்சைக் கேட்கும்.

நாற்பதில் முகத்துவாரம் மண் மூடி இடம் மாறியது. பாடுகளும் மாறின, ஊர்கள் முறைத்துக்கொண்டன. வேணு வருவதை நிறுத்திக்கொண்டான். கோதண்டம் நிறுத்தவில்லை. இரண்டு பக்கமும் தானே ஆடினான். பதினோரு வருஷம். வேணு இந்த இடத்தில் என்ன செய்வான் என்று யோசித்து யோசித்து நேர்மையாக ஆடினான். அந்த நேர்மையின் பலன், ஒவ்வொரு ஆட்டத்திலும் வேணுதான் ஜெயித்தான்.

இரண்டு மாதம் முன்பு தட்டோடு வந்தபோது, காபி டம்ளரை வைத்துக்கொண்டே வேணு பலகை இருந்த பரணைப் பார்த்தான். ஒரே ஒரு முறை. அந்த ஒரு பார்வையை வைத்துக்கொண்டு கோதண்டம் மிச்ச ஆயுசுக்கான ஞாயிற்றுக்கிழமைகளை எல்லாம் கட்டி முடித்துவிட்டிருந்தான்.

ஏலக் கூடத்தில் காலை வியாபாரம் ஓய்ந்து, தரையில் ஐஸ் கரைந்து ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் பதினைந்து பதினைந்து பேர். நடுவில் மீன் கொட்டும் மேடை. பலகையை அதன்மேல் வைத்துப் புடவையை அவிழ்த்தார்கள். வழியில் படகுகள் நகர்ந்துவிடக் கூடாது என்று கோதண்டம் ஒவ்வொன்றையும் சோற்றுப் பசை வைத்து ஒட்டியிருந்தான். படத்தில் இருந்தபடியே எல்லாம் இருந்தன. அதுவும் வினையாயிற்று.

வேணு வெள்ளைச் சட்டையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். ஊர்ப் பெரியதனம் இந்த வருஷம் அவனிடம். ஹரிஹரன் வரவில்லை. அன்று அவர்கள் வீட்டுப் பாடு. பாடு உள்ள நாளில் மாப்பிள்ளையே ஆனாலும் வலை கட்டப் போய்விடுவான். ஒரு நாள் விட்டால் சுற்றி வர இரண்டு மாதம்.

தருமன்தான் ஆரம்பித்தார்.

“இது இன்னா?”

“ஆட்டம்.”

“எந்த ஆட்டம்? கேரமா?”

வடக்குப் பக்கம் சிரித்தது.

“படகு ஆட்டம் பெரியவரே. காத்து, தண்ணி, திட்டு எல்லாம் கீது. ரெண்டு பேரு ஆடறது.”

“நீ யாரோட ஆடறே?”

“நானே... ரெண்டு பேருமா.”

இந்தப் பதிலுக்கு அவனுடைய ஊர்க்காரர்களே தரையைப் பார்த்தார்கள்.

“சரி. இந்தத் தாளப் படி.”

“வேணு பாடு முடிஞ்சது.”

“இன்னாவாம்?”

“வேணு மொறை முடிஞ்சிச்சி, அடுத்தது என் மொறைன்னு. மறந்துடக் கூடாதுன்னு எழுதி வெச்சேன்.”

“வேணு பாட்ட முடிக்கறதுக்கு நீ யாருய்யா?” தருமனின் குரல் ஏலம் கூவிப் பழகிய குரல், கூரைத் தகரம் அதிர்ந்தது. “எங்க ஊருக்குப் பாட்டுச் சீட்டு எடுக்கறவரே இந்த வருஷம் அவருதான். அவரு பாடு முடிஞ்சதுன்னா எங்க ஊரு பாடே முடிஞ்சதுன்னு அர்த்தம். எட்டு நாளுக்கு முன்னால வலைய அறுத்தாச்சி. இப்ப படகக் கவுக்கப் போறே. அதுக்குப் படம் போட்டு வெச்சிகீறே!”

“ஐயோ, கவுந்து கீறதெல்லாம் எங்க ஊருப் படகு பெரியவரே! பச்சை வெளிம்பு எங்களுது. மஞ்சள் உங்களுது. பாருங்க, மஞ்சள் ஒண்ணுகூடக் கவுழல. இதுல உங்க ஊருதான் ஜெயிச்சிகீது!”

அவன் கையில் இருந்த நல்ல சரக்கு இது ஒன்றுதான். அதை ஆசையாக எடுத்து விரித்தான். பின்னாலிருந்து எவனோ கேட்டான்:

“தன் ஊரு தோக்கற மாதிரி எவனாவது ஒக்காந்து ஆடுவானா? யாரு காதுல பூ சுத்தறே?”

அதற்குப் பிறகு சரக்கை மடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

“சம்பந்தியக் கேளுங்க,” என்றான் கோதண்டம். குரல் இறங்கிவிட்டது. “அவருக்குத் தெரியும். நாங்க ரெண்டு பேரும் சின்ன வயசுலேர்ந்து...”

எல்லாத் தலையும் வேணு பக்கம் திரும்பியது.

வேணு பலகையைப் பார்த்தான். தன் கையால் செதுக்கிய மஞ்சள் படகுகளைப் பார்த்தான். அப்புறம் கரைகிற ஐஸைப் பார்த்தான்.

“எனக்கு இத்தப் பத்தி ஒண்ணும் தெரியாது.”

கோதண்டத்துக்குப் புரிந்தது. அதுதான் கொடுமை. தை பிறந்தால் வேணு அம்மன் கோயிலில் நின்று ஊருக்கே சீட்டு எடுக்க வேண்டும். அந்தக் கை முப்பது வருஷம் தாயக்கட்டை உருட்டின கை என்று தெரிந்தால், கெட்ட பாடு விழுந்தவன் ஒவ்வொருவனும் “இதுவும் உன் ஆட்டமா?” என்று கேட்பான். ராஜா என்று கத்தின அதே ஊர்தான். பதினோரு வயதில் கத்தியதை ஐம்பதில் கேட்க முடியாது.

“மாமா.”

பேசியவள் செவ்வந்தி. கையில் மூங்கில் குச்சி.

“பொம்பளப் புள்ள பஞ்சாயத்துல இன்னா...” என்று தருமன் இழுத்தார்.

“கல்யாணம் எனக்குத்தானே பெரியவரே?” என்றுவிட்டு அவள் வேணுவிடம் போனாள். “மாமா, இந்தக் குச்சியில கீற வெட்டு உங்க நாலு வெரலு. கைய வெச்சிக் காட்டுங்க. சரியா நிக்கும். காத்து நான்தான் போடுவேன். கச்சான் வுழுந்தா சிரிப்பீங்க, வாடை வுழுந்தா என் மண்டையில குட்டுவீங்க. தோத்துட்டா, ‘எங்க ஊட்டுல சொல்லாதடி’ன்னு கடலமுட்டாய் வாங்கித் தருவீங்க. ஞாபகம் இல்ல?”

வேணு தன் வலது கையை இடது கைக்குள் மூடிக்கொண்டான்.

“பெரிய மனுஷன் கைய அளக்கறியா நீ?” தருமன் எழுந்தே விட்டார். “வேணு, ஒரு பேச்சுல முடி. இந்தப் பொண்ணு சொல்றது நெசமா, பொய்யா?”

ஐஸ் தண்ணீர் நாற்காலிக் காலைச் சுற்றிக்கொண்டு ஓடியது.

“பொய்,” என்றான் வேணு.

தேவகி “ஐயோ” என்று வாயைப் பொத்திக்கொண்டாள். செவ்வந்தி அழவில்லை. குச்சியைப் பலகையின் மேல் வைத்தாள். மருந்துக் கடையில் காலாவதியான மாத்திரையைத் திருப்பி வைக்கிற மாதிரி வைத்தாள்.

“சரி மாமா. நாளைக்கி உங்க ஊட்டுக் கொழம்புல உப்பு சாஸ்தின்னு நான் சொன்னாலும் பொய்யின்னுதான் ஆவும். பொய்க்காரின்னு பேரு வெச்ச ஊட்டுக்கு நான் வர்ல. தட்ட அனுப்பிச்சிடறோம்.”

“அடியே, இருடீ! கோவத்துல பேசாதடீ!” தேவகி பின்னாலேயே ஓடினாள். தருமன் தோளைக் குலுக்கினார். விலை படியாத கூடையை ஓரமாகத் தள்ளுவது போலப் பஞ்சாயத்து கலைந்தது.

கோதண்டம் பலகையைப் புடவையில் சுற்றிக்கொண்டிருந்தான். எல்லாரும் நகரும் நெரிசலில் வேணு அவன் பக்கமாகப் போனான். திரும்பவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

“பச்சையை ஏண்டா கெழக்கால வுட்டே? கச்சான் அடிக்கறப்போ எவனாவது கெழக்கால வுடுவானா?”

போய்விட்டான்.

கோதண்டம் முடிச்சுப் போட மறந்து அங்கேயே நின்றான். பதினோரு வருஷமாகக் காத்திருந்த குரல் இது. இன்றைக்கா வரவேண்டும்?

சாயந்திரம் கிளிஞ்சல்திட்டில் அடுப்பு பற்றவைக்கவில்லை. தேவகி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். செவ்வந்தி அறையில். பலகை கொல்லைப்புறம் சாத்தியிருந்தது. வெயில் இன்னும் இறங்கவில்லை.

கவியரசன் நாலு பேரோடு வந்தான். காலையில் செருப்பைப் பார்த்தவன் இப்போது நேராகப் பார்த்தான்.

“மாமா, பலகைய எடுத்துகினு போறோம்.”

“எதுக்குடா?”

“எங்க அக்கா பொண்ண முப்பது பேரு நடுவுல பொய்க்காரின்னுட்டானுங்க. சும்மா வுடச் சொல்றியா? எங்க ஆழம், எங்க சேறு, எந்தப் பக்கமா போனா அவனுங்க வலைக்குப் பின்னால ஏறலாம், எல்லாம் நீ வரைஞ்சி வெச்சிகீறே. இன்னிக்கி அவனுங்க குச்சி ஒண்ணு விடாம புடுங்கிட்டு வர்றோம்.”

“டேய், அது ஆட்டம்டா!”

“ஆட்டம் இல்லன்னு அவனுங்களே சொல்லிட்டானுங்களே மாமா.”

கோதண்டம் வேறு ஒன்றைச் சொல்லிப் பார்த்தான்.

“கவி, கேளுடா. பதினோரு வருஷமா ஆடறேன். எப்படி வுட்டாலும் நம்ப பக்கம் தோக்குது. வடக்கால வுட்டாலும் தோக்குது, கெழக்கால வுட்டாலும் தோக்குது. ஒரு தபா கூட ஜெயிக்கலடா. சத்தியமா சொல்றேன்.”

“ஒண்டியா ஆடினா அப்டித்தான் மாமா இருக்கும். நாங்க அஞ்சி பேரு.”

கோதண்டம் பலகையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். கவியரசன் முரடன் இல்லை. மாமாவின் விரல்களை ஒவ்வொன்றாக, மரியாதையாக, விலக்கினான். “வுடு மாமா. நீ உள்ளே போயி அக்காவப் பாரு.”

ஐந்து பேரும் மணலில் இறங்கிப் போனார்கள். பலகையை இரண்டு பேர் தூக்கிப் பிடிக்க, மற்றவர்கள் குனிந்து ஏரியைப் படித்தார்கள். பச்சைப் படகுகள் கிழக்கே ஒட்டியிருந்தன. ஒருவன் அதைத் தொட்டுக் காட்டித் தலையாட்டினான். கரையில் இன்ஜின் இரண்டு முறை இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது.

கோதண்டம் ஓடிக் கரைக்கு வந்தபோது படகு முதல் திட்டைத் தாண்டியிருந்தது. கூப்பிட்டான். இன்ஜின் சத்தத்தில் குரல் அமுங்கிப்போனது.

பின்னால் செவ்வந்தி வந்து நின்றாள். கையில் போன் அடித்துக்கொண்டிருந்தது. ஹரிஹரன்.

“நைனா, மத்தியானத்துலேர்ந்து எட்டு தபா அடிச்சிட்டாரு. நான் எடுக்கல.”

“எடும்மா! எடு! வலை கிட்ட ஒண்டியா நிப்பான். ஆளுங்க வராங்கன்னு சொல்லு.”

“சொன்னா அவங்க ஊரே எறங்கும். கவி மாமாவ உசுரோட வுடுவாங்களா?”

செவ்வந்தி நைனாவையே பார்த்தாள். பார்த்துக்கொண்டே பட்டனை அழுத்திக் குரலைப் பெரிதாக வைத்தாள்.

“செவ்வந்தி! எடுத்துட்டியா? கேக்குதா?” ஹரிஹரனின் குரல் காற்றில் பிய்ந்து பிய்ந்து வந்தது. மூச்சு வாங்கினாலும் அதில் ஒரு சிரிப்பு இருந்தது. “எங்க நைனா எல்லாத்தையும் எங்கிட்ட சொல்லிட்டாரு. வலை கிட்டயே வந்து ஒக்காந்து அழுதாரு. நீ சொன்னதெல்லாம் நெசம்தான்னாரு. வெளிய சொல்ல முடியாது, ஆனா நெசம்னாரு. நான் உன்னப் பாக்க வந்துகினு கீறேன்.”

“வர்றீங்களா? இன்னிக்கி உங்க பாடாச்சே?”

“வுட்டுட்டேன். போவட்டும் பாடு.”

ஏரியில் பாட்டை விட்டுவிட்டு வந்தேன் என்று ஒருவன் சொல்லிக் கோதண்டம் கேட்டது அதுதான் முதல் தடவை. அவன் மகளின் கையிலிருந்த போனைப் பிடித்துக் கத்தினான்.

“தம்பி, ஹரி! எந்தப் பக்கமா வர்றே?”

“மாமாவா? கெழக்கால மாமா. முகத்துவாரத்த ஒட்டி. கச்சான் வேற எதிர்க்க அடிக்குது, அதான் லேட்டு. தோ, எதிர்க்க ஒரு படகு வருது. எங்க ஊரா, உங்க ஊரான்னு தெரில. இருங்க...”

“திருப்பு! ஹரி, படகத் திருப்புடா!”

போனில் ஒரு இன்ஜின் சத்தம் கேட்டது. அப்புறம் இரண்டு.